படம் விழுகிற இடம்

1

எங்கள் வீட்டு டிவியில் பூட்டு விழுந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. கொண்டாடுகிற சமாசாரம் இல்லைதான். ஆனாலும் நான் கொண்டாடுகிறேன். இன்று மத்தியானச் சோற்றுக்கு வெஞ்சனம் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறேன்.

பூட்டு என்றால் இரும்புப் பூட்டு இல்லை. சேட்டிலைட் ரிசீவரைப் போட்டால் திரையில் சேனல்களின் பட்டியல் வரும் அல்லவா, அதில் எங்கள் தமிழ் சேனலின் பெயருக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவில் மஞ்சளாக ஒரு பூட்டுப் படம். முந்தின நாள் வரை அது அங்கே கிடையாது. டிஷ் வைத்திருக்கிற யாரும் பார்க்கலாம் என்று ஐரோப்பா முழுக்கத் திறந்து கிடந்த சேனல் அது. அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்குப் போட்டால் கறுப்புத் திரை, மஞ்சள் பூட்டு, அதற்குக் கீழே இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

நான் திண்டுக்கல்காரன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பூட்டைப் பற்றிக் கேட்பதும், நானும் அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பதும் என் வாழ்க்கையில் பாதி. அப்படிப்பட்டவன் வீட்டுக்குள்ளேயே எவனோ முகம் தெரியாத ஒருத்தன் பூட்டைக் கொண்டுவந்து தொங்கவிட்டுவிட்டு, சாவியை அவன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நான் திட்டிய திட்டை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.

என்னைப் பற்றி நாலு வரி. ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மனைவி ரோஸ்லின் முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். விடிகாலையிலிருந்து பதினொன்றரை வரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து சமைப்பேன். மகள் அமலாவுக்கு ஒன்பது வயது. ஒன்றேகாலுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் டிவி முன்னால் உட்காருவோம். ஊரில் அப்போது சாயங்காலம், சீரியல்கள் தொடங்கும் நேரம்.

எனக்குச் சீரியல் மேல் ஒரு மோகமும் கிடையாது. எனக்கு வேண்டியது அமலாவின் கேள்விகள். "அப்பா, சம்பந்தின்னா யாரு?" "கொழுந்தனும் மச்சானும் ஒரே ஆளா?" ஒரு நாள், மருமகளைப் பார்த்து மாமியார் இந்த வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள் என்று உருகியபோது, "ஏம்ப்பா, அவங்க வீட்ல கரண்ட் இல்லையா?" என்று கேட்டாள். நாங்கள் இருக்கும் ஊரில் வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. ரோஸ்லினுக்கு ஷிப்ட் வேலை. அந்த ஒரு மணி நேரம்தான் என் பிள்ளை தமிழில் எதையாவது தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட நேரம்.

பூட்டு விழுந்த அன்று அவள் இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து ஜெர்மன் கார்ட்டூனுக்கு மாற்றினாள். என்னைக் கேட்கக்கூட இல்லை. அதில் அவளுக்குப் புரியாத சொல் ஒன்றும் இல்லை. புரியாமல் உட்கார்ந்திருந்தது நான்தான். அன்றோடு கேள்விகள் நின்றன.

2

நான் பூட்டைக் கண்டு மிரளுகிறவன் இல்லை என்பதற்குத் திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் அகரத்தில் இன்றைக்கும் சாட்சிகள் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல் நாகல் நகரில் ஜாபர் என்ற என் சினேகிதன் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். பேகம்பூர்க்காரன். எனக்கு பி.எஸ்ஸி. இயற்பியலில் இரண்டு தாள் நின்றுபோய், வீட்டில் அப்பா முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவன் கடையே கதி என்று கிடந்தேன். பன்னிரண்டு அடி டிஷ் ஆண்டெனாவை அலுமினியக் கம்பியிலும் வலையிலும் நாங்களே கட்டினோம். அதை வானத்தில் எங்கே திருப்பினால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்கு வேலை, விளையாட்டு, வெறி எல்லாமே. ரஷ்யாக்காரன் வாசிக்கிற செய்தியை ஒரு எழுத்தும் புரியாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.

எங்கள் பக்கம் டிவியில் படம் விழும் என்பார்கள். நன்றாக விழுகிறது, புள்ளி புள்ளியாக விழுகிறது, மழை வந்தால் விழாது. டிஷ் வைக்க மூன்று பேர் வேண்டும். மொட்டைமாடியில் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நான். கீழே டிவி முன்னால் ஜாபர். நான் கேட்பதை அவனுக்கும் அவன் சொல்வதை எனக்கும் கத்திச் சொல்ல மாடிப்படி நடுவில் வீட்டுக்காரர்.

"விழுதா?"

"விழலயாம்ப்பா."

"இப்ப?"

"லேசா விழுதாம்."

"இப்ப?"

"விழுந்துருச்சு, கைய எடு."

கையை எடு என்பது கட்டளை. அதற்குப் பிறகு டிஷ்ஷைத் தொடுகிறவன் எங்களுக்குப் பகையாளி.

அகரத்தில் தென்னந்தோப்புக்காரர் பெரியசாமி அண்ணன் வீட்டுக்கு நாங்கள்தான் டிஷ் வைத்தோம். என் அப்பாவுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் அவர். ஒரு கிரிக்கெட் மேட்ச் அன்று, அவர் வீட்டுக் களத்தில் டிவியைத் தூக்கி வைத்து ஊரே உட்கார்ந்திருந்தது. டாஸ் போட்டார்கள். மட்டையோடு இரண்டு பேர் இறங்கினார்கள். படம் சட்டென்று குறுக்குக் குறுக்காகக் கிழிந்துபோனது. சத்தம் மட்டும் ஒழுங்காகக் கேட்கிறது. திரையில் ஆளின் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"ஏலே அப்பு, என்னடா இது, படம் கிழிஞ்சுபோய்க் கெடக்கு?" என்றார் பெரியசாமி அண்ணன்.

டிஷ் அசைந்திருக்கும் என்று நான் ஓடினேன். அசையவில்லை. இதற்குள் ஜாபர் கண்டுபிடித்துவிட்டான். "மாப்ள, நம்ம மேல தப்பில்ல. பூட்டிட்டாய்ங்க." டீகோடர் என்ற பெட்டி வைத்திருக்கிற கேபிள்காரர்களுக்கு மட்டும் இனிமேல் நல்ல படம் என்று சேனல்காரன் முடிவு செய்துவிட்டான். அதை மேட்ச் நடக்கிற நாளாகப் பார்த்துச் செய்தான். களத்தில் முணுமுணுப்பு ஏறியது. பெரியசாமி அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஜாபர் மட்டும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான்.

"பூட்டுனவன் பூட்டிட்டுப் போறான். மேல பூட்டாதது அம்புட்டுக் கெடக்கு. செத்த நேரம் பொறுங்கண்ணே. மாப்ள, நீ டிஷ்ஷுக்குப் போ."

அரை மணி நேரம் வானத்தைத் துழாவினோம். ஓரிடத்தில் அதே மேட்ச் விழுந்தது. மைதானத்திலிருந்து டிவி நிலையத்துக்கு அனுப்புகிற, இன்னும் எதுவும் சேர்க்காத பச்சைப் படம் அது. அதைப் பூட்ட மறந்திருந்தார்கள். வர்ணனை கிடையாது, விளம்பரம் கிடையாது, ஸ்கோர் எழுத்துகூடக் கிடையாது. வர்ணனையை அகரத்துக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். விளம்பரம் வர வேண்டிய இடைவெளியில் கேமராக்கள் சும்மா ஓடிக்கொண்டிருந்ததால், நாடே கும்பிட்ட ஒரு ஆட்டக்காரர் எல்லைக்கோட்டில் நின்று நிதானமாக மூக்கு நோண்டியதை எங்கள் ஊர் பார்த்தது. டீகோடர் வைத்திருந்தவனுக்கு அது கிடைக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு சேனலாகப் பூட்டினார்கள். அடுத்து எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். எங்கள் ரிசீவர்கள் பழைய இரும்புக்குப் போயின. டிஷ் வலை பெரியசாமி அண்ணன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கூரையானது. ஜாபர் அழுகிற ஆள் இல்லை. அதே கடையில் செல்போன் விற்க ஆரம்பித்தான். நான் ரோஸ்லினைக் கல்யாணம் செய்துகொண்டு விமானம் ஏறினேன்.

3

இங்கே பூட்டு விழுந்ததும் முதலில் நல்ல பிள்ளையாகக் காசு கொடுத்துப் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். அந்தச் சேனலைப் பார்க்க ஒரு அட்டை வாங்கி ரிசீவருக்குள் செருக வேண்டும். கேட்டால், ஆஸ்திரியாவில் அட்டை விற்பதில்லையாம். வேறு நாட்டில் விற்கிறார்களாம். என் கையில் காசு இருக்கிறது, வாங்கத் தயாராக இருக்கிறேன், விற்க மாட்டேன் என்கிறான், பார்க்கவும் விட மாட்டேன் என்கிறான். இதை என்னவென்று சொல்வது.

ஒரு ஏஜெண்டின் நம்பர் கிடைத்தது. போனில் நன்றாகத் தமிழ் பேசினார். "அட்டை அனுப்பிடுறேன் சார். ஆனா அதுல வேற ஒருத்தர் பேரும் அட்ரஸும்தான் இருக்கும். யாராவது கேட்டா அது நீங்கதான்னு சொல்லிக்குங்க."

இன்னொரு பெயரா? எனக்கு இங்கே இருக்கிற பெயர்த் தொல்லையே தாங்கவில்லை. ஊரில் நான் ச. அருள்ராஜ். குடும்பப் பெயர் என்ன என்று இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை என்றேன். இல்லாமல் இருக்க முடியாது என்றார்கள். முன்னெழுத்தை விரித்து என் அப்பா சவரிமுத்துவை எனக்குக் குடும்பப் பெயராக்கினார்கள். ரோஸ்லினுக்கு அவள் அப்பா அந்தோணி. அமலாவுக்கு நான், அருள்ராஜ். எங்கள் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் மூன்று குடும்பப் பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. தபால்காரர் ஒரு தடவை, இந்தச் சின்ன வீட்டில் மூன்று குடும்பமா என்று வருத்தப்பட்டார். நாலாவதாக ஒரு பெயரை ஒரு சீரியலுக்காக நான் சுமக்க மாட்டேன். வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்தது திருட்டு வழி. மறைக்காமல் சொல்கிறேன், அதையும் செய்தேன். என்னைப்போலப் பொழுதுபோக்குக்கு டிஷ் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுகிற இடம் இன்டர்நெட்டில் உண்டு. அங்கே எவனோ பூட்டுக்குச் சாவி என்று எண்களும் எழுத்துகளுமாக நீளமாக ஒன்றை எழுதிப் போட்டிருந்தான். ரிசீவரில் அடித்தேன். திறந்துகொண்டது. அமலா கார்ட்டூனை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள், கதாநாயகியின் தங்கை உண்மையைச் சொல்ல வாய் திறந்த இடத்தில் சாவியை மாற்றிவிட்டார்கள். மறுபடியும் மஞ்சள் பூட்டு. அடுத்த சாவியை எவனாவது போடுவானா என்று நான் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தபோது அமலா பின்னால் வந்து நின்றாள். "விடுப்பா. அது உடைஞ்சுபோச்சு," என்று ஜெர்மனில் சொன்னாள். என்னோடு தமிழிலேயே பேசுகிற பிள்ளை.

எனக்குச் சுருக்கென்றது. முகம் தெரியாதவன் போடுகிற எண்ணுக்காக நான் வாசலில் தட்டேந்தி நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவள் போய்க்கொண்டிருந்தாள். அன்றோடு சாவி தேடுவதை விட்டேன்.

ரோஸ்லின் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "பேசாம ஊர்ல இருந்து தமிழ்ப் புத்தகம் வரவழைச்சு உக்கார வச்சுப் படிச்சுக் குடுங்களேன்."

"அது பாடம். பாடம்னா அவ தப்பிச்சு ஓடத்தான் பாப்பா. அவளா கேக்கணும்."

"அப்ப கேக்க வைக்கிறதுக்கு என்னதான் வழின்னு பாருங்க," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

4

ஞாயிற்றுக்கிழமை ஜாபருக்குப் போன் போட்டேன்.

"என்ன மாப்ள, அங்கயும் பூட்டிட்டாய்ங்களா?" என்று சிரித்தான். "திண்டுக்கல்காரன்னு தெரிஞ்சே மாட்டிருக்காய்ங்க."

"சிரிக்காதடா. வழி இருந்தா சொல்லு."

"நீ பாத்தது ஐரோப்பாக்காரனுக்குன்னு விடுறது. அத விட்டுத் தொலை. இங்க நம்மளுக்குன்னு விடுற சேட்டிலைட்டு அங்கேருந்தும் தெரியும். உனக்குக் கெழக்கயும் தெக்கயும் நடுவாந்தரமா, ரொம்பத் தாழ நிக்கும். அதுல தமிழ்ச் சேனலு ரெண்டு மூணு இன்னமும் தொறந்துதான் கெடக்கு."

"சின்ன டிஷ்ஷுல விழாதே மாப்ள."

"விழாது. ரெண்டு மீட்டராச்சும் வேணும். ஏன், டிஷ் வைக்க மறந்துபோச்சா?"

இந்த மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டால் நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

டிஷ்ஷை ரோஸ்லின் கொண்டுவந்தாள். அவளுடைய முதியோர் இல்லத்துக் கூரையில் பல வருடமாக யாருக்கும் வேண்டாமல் ஒரு பெரிய டிஷ் நின்றது. கேட்டதும், தூக்கிக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும் என்றார்களாம். அதன் முன்னால் பொருத்தி அலையைப் பிடிக்கிற எல்.என்.பி.யை ஜாபர் நாகல் நகரிலிருந்து பார்சலில் அனுப்பினான். இனி வேண்டியது வைக்க ஒரு இடம். எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனி தென்கிழக்கு பார்த்தது. ஆனால் பெரிய டிஷ் வைக்கக் குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

அமலாவைக் கூட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனேன். "நான் பேசட்டுமாப்பா?" என்றாள். வேண்டாம், அப்பா மூன்று நிலை ஜெர்மன் வகுப்பு பாஸ் செய்தவன், பேசாமல் உட்கார் என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞர். மரியாதையானவர். என் ஜெர்மனை எடுத்துவிட்டேன்.

"ஐயா, எங்கள் பால்கனியில் படம் நன்றாக விழுகிறது. வீட்டுக்குள் விழாது. பெரிய டிஷ் வைத்தால் தினமும் விழும்."

அவர் பேனாவை எடுத்தார். "தினமும் விழுமா?"

"மழை வந்தால் விழாது. வெயில் அடித்தால் கண்டிப்பாக விழும்."

"இதுவரை யார் மேலாவது விழுந்திருக்கிறதா?"

கேள்வி கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் சுயநலக்காரன் இல்லை என்று காட்ட விரும்பினேன். "இதுவரை எங்களுக்கு மட்டும்தான். நீங்கள் அனுமதி கொடுத்தால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் விழ வைக்க என்னால் முடியும்."

அமலா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த இளைஞர் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

பேருந்து நிறுத்தம் வரை அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பிறகு ஜெர்மனில் கொட்டினாள். இந்த மொழியில் படம் விழாதாம், வருமாம். விழும் என்றால் மாடியிலிருந்து கீழே விழுவது மட்டும்தானாம். பெரிய சாமான் ஒன்றைப் பால்கனியில் வைத்து, வெயில் நாளாகப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர்கள் தலையில் தள்ளப் போகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேனாம். "எனக்கு அவமானமா இருந்துச்சு," என்றாள், அதை மட்டும் தமிழில். "இனிமே நான் வரமாட்டேன்."

தப்பு சொன்னதற்காக எனக்கு வெட்கம் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. படம் விழும் என்பது நல்ல தமிழ். அதை அவர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை என்றால் நான் என்ன செய்வது. ஆனால் அந்தப் பேருந்தில் அவள் எனக்கு முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். அது வலித்தது.

5

ஒரே வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. குடியிருப்பவரே ஒப்புக்கொண்டபடி மூன்றாம் மாடியிலிருந்து பொருள்கள் விழுவதால் பெரிய டிஷ்ஷுக்கு அனுமதி இல்லை. ஏற்கெனவே இருக்கும் சின்ன டிஷ்ஷையும் சோதிக்க ஆள் வருவார். அதுவரை எங்கள் பால்கனிக்குக் கீழே யாரும் நடக்க வேண்டாம் என்று மாடிப்படிக்குக் கீழே ஒரு அறிவிப்பையும் ஒட்டினார்கள். மூன்று குடும்பப் பெயர்களையும் தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள். பத்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஏணியோடு சோதனை ஆள் வந்தார். சின்ன டிஷ்ஷைப் பிடித்து இழுத்தார். உலுக்கினார். அது அசைந்தால் நான் திண்டுக்கல்லில் டிஷ் வைத்தவனே இல்லை. எழுதிக்கொண்டவர் டிஷ்ஷின் அடியில் ஒரு ஓட்டையைப் பார்த்தார்.

"இது எதற்கு?"

"மழைத் தண்ணீர் இறங்க."

அவர் டிஷ்ஷைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இங்கே டிஷ் சுவரைப்போல நேராக நிற்கும். தண்ணீர் தேங்க வழியே இல்லை. எங்கள் ஊரில் சேட்டிலைட் உச்சந்தலைக்குப் பக்கத்தில் நிற்பதால் டிஷ் மல்லாந்து படுத்திருக்கும். தகட்டு டிஷ்ஷில் ஓட்டை போடாவிட்டால் மழை பெய்த மறுநாள் காகம் குளிக்கும். வந்த புதிதில் பழக்க தோஷத்தில் இதிலும் துளை போட்டுவிட்டேன். இதையெல்லாம் சொல்ல என் ஜெர்மன் போதாது. ஊரில் இப்படித்தான் என்று மட்டும் சொன்னேன். டிஷ் உறுதியாக இருக்கிறது, ஓட்டைக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டு ஹூபர் அம்மா படியேறி வந்தார். எழுபது வயது இருக்கும். அதுவரை எங்களுக்குள் வணக்கம் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் தயாரானேன். "உங்கள் வீட்டிலிருந்து என்னதான் விழுகிறது? நானும் ஒரு வாரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறேன். ஒன்றும் விழக் காணோம்," என்றார்.

அமலா வேறு வழியில்லாமல் விளக்கினாள். நான் அலுவலகத்தில் சொன்ன வாக்கியங்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்த அம்மா எங்கள் சோபாவில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கீழ்வீட்டுக்கும் விழ வைக்கிறேன் என்ற இடத்தில் அமலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளால் நிறுத்த முடியவில்லை. ரோஸ்லின் டீ போட்டாள்.

"விழட்டும்," என்றார் ஹூபர் அம்மா கோப்பையை வைத்துவிட்டு. "ரயில் பாதைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு காய்கறித் தோட்டம் இருக்கிறது. தென்கிழக்கில் தண்டவாளமும் வயலும் மட்டும்தான். சங்கத்தின் சட்டம் அங்கே செல்லாது."

6

ஹூபர் அம்மா தோட்டத்தில் எங்களுக்கு இப்போது விழுகிற சேனலையும் ஒரு நாள் பூட்டுவார்கள். எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. திறந்து கிடக்கிற எதையும் விட்டுவைக்கிற கூட்டம் இல்லை அது. பூட்டட்டும். டிஷ்ஷைத் திருப்ப எனக்குத் தெரியும். நாகல் நகரில் ஜாபர் இருக்கிறான். படியில் நிற்க இப்போது ஆளும் கிடைத்துவிட்டது. அந்த ஆள் கிடைத்த நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

சனிக்கிழமை. தோட்டத்தின் ஒரு கோடியில் நானும் ரோஸ்லினும் டிஷ்ஷோடு நின்றோம். டிவியும் ரிசீவரும் மறு கோடியில், மண்வெட்டியும் பூவாளியும் வைக்கிற மரக் கொட்டகைக்குள். அமலா அங்கே உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ராபெரி பறித்துத் தின்னலாம் என்று ஹூபர் அம்மா ஆசை காட்டியதால் வந்தவள். மடியில் ஒரு ஜெர்மன் சித்திரக் கதைப் புத்தகம். ரயில் போகிற சத்தத்தில் ஒரு கோடியில் பேசுவது மறு கோடியில் கேட்கவில்லை. யாரும் சொல்லாமலே ஹூபர் அம்மா நடுவில், அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மாடிப்படியில் பெரியசாமி அண்ணன் நின்ற இடம் அது.

நான் விரல் அகலம் நகர்த்திவிட்டுக் கையைத் தூக்குவேன். ஹூபர் அம்மா கொட்டகையைப் பார்த்துக் கேட்பார். அமலா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி ஒன்றுமில்லை என்பாள். ஹூபர் அம்மா ஒன்றுமில்லை என்று எனக்குக் கத்துவார். இப்படியே ஒரு மணி நேரம். "பிள்ளைக்குப் பசிக்கும்ங்க, நாளைக்குப் பாப்போம்," என்றாள் ரோஸ்லின். எனக்கும் தோள் விட்டுப்போயிருந்தது. செத்த நேரம் என்று சொல்லிக் கடைசியாக ஒரு தடவை டிஷ்ஷின் முகத்தைத் தண்டவாளப் பக்கம் லேசாகச் சாய்த்தேன்.

கொட்டகைக்குள்ளிருந்து அமலா கத்தினாள். ஜெர்மனில்தான் கத்தினாள். ஆனால் படம் வருகிறது என்று கத்தவில்லை.

"விழுது! விழுது!"

சங்க அலுவலகத்தில் நான் சொன்ன அதே தப்பு ஜெர்மன். ஹூபர் அம்மா இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, விழுகிறதாம் என்று எனக்குச் சொன்னார். மறு நொடி கொட்டகையிலிருந்து அடுத்தது வந்தது. "விழுந்துருச்சு!" ஹூபர் அம்மா அதையும் அப்படியே, அதே தப்போடு, தோட்டம் அதிரக் கத்தினார். பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த மனிதர் பயந்துபோய் அண்ணாந்து பார்த்தார். ஜெர்மன் மொழியில் அப்படி ஒரு வாக்கியமே கிடையாது. அன்றைக்கு இருந்தது.

நான் கையை எடுத்தேன்.

கொட்டகைக்குள் போனபோது அமலாவின் சித்திரக் கதைப் புத்தகம் தரையில் கிடந்தது. திரையில் சீரியல் இல்லை. விவசாய நிகழ்ச்சி. தோளில் துண்டு போட்ட ஒரு மனிதர் வரப்பில் நின்று எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் தென்னை. அகரம் பக்கமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிள்ளைக்கு இது சலிக்கும், ரிமோட்டைத் தேடுவாள் என்று காத்திருந்தேன். அவள் தேடவில்லை. கன்னத்தில் கை வைத்து அவர் பேசுவதைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஊடுபயிர்னா என்ன?"

அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், ஹூபர் அம்மா இரண்டு வரிசை வெங்காயத்துக்கு நடுவில் காரட் போட்டிருந்த பாத்தியைக் காட்டி, தேவைக்கு மேலேயே விளக்கினேன்.